வெள்ளைக் கண் தேனீயும் ஒரு திருத்தமும்

தணிகாசலம் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது, கள்ளக்குறிச்சியில் எங்கள் சின்ன மருத்துவமனையின் பரிசோதனை அறையில், ரத்தக் குழாய்களுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுத்து கோணிப்போனது. கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த மனுஷன் விடமாட்டாரே.

இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை முடிவை நான் எழுதுவேன். அதைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பது மரபணு ஆலோசகரான அவர் வேலை. பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. திருநாவலூரில் அவர் வீட்டுக்குப் பின்னால் தேன்பெட்டிகள் வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் தேனீயில் கொண்டுபோய் முடிப்பார். சாப்பிடும்போதாவது அதுகளை விடுங்கள் சார் என்று நானே கடிந்திருக்கிறேன்.

எல்லாரும் இப்போது அவருடைய நல்லதைப் பேசுகிறார்கள். நான் அவர் செய்த ஒரு தவறைச் சொல்லப்போகிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து ராமாயி என்ற பெண் வந்திருந்தார், ஆறு மாதக் கர்ப்பிணி. அவருக்கும் கணவர் அண்ணாமலைக்கும் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு ஆளுக்கொன்று இருந்தது. அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள்; பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து போனால்தான் நோய். கேட்டதும் ராமாயி உடைந்து அழுதார். சார் உடனே தேனீக் கதையை எடுத்தார். ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையில் பிறக்கிறவை, புழுவாக இருக்கும்போது கிடைக்கும் தீனிதான் எந்த மரபணு வேலை செய்யும், எது சும்மா கிடக்கும் என்பதை மாற்றுகிறது, தாயின் சாப்பாடும் பிள்ளையின் மரபணுமேல் அப்படி அடையாளம் வைக்கலாம் என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் ராமாயியின் கவலைக்கு அது பதில் இல்லை. "நல்லா சாப்பிடுங்க, சரியாயிடும்" என்று முடித்துவிட்டார்.

பிள்ளை பிறந்ததும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்ல மறுவாரம் ராமாயிக்குப் போன் செய்தேன். தேவையில்லையாம். சார் சொன்னபடி தினமும் சாமைச் சோறும் முட்டையும் சாப்பிடுகிறாராம். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! சாப்பிட்டுக்கொண்டிருந்த சாரிடம் அப்படியே சொன்னேன். பாதியில் எழுந்து கையைக் கழுவினார்.

"வாம்மா, பஸ்ஸப் புடிப்போம்."

மலையில் அவர்கள் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க, உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

"நான் சொன்னது தப்புங்க. எம் பொட்டியில ஒருவாட்டி வெள்ளைக் கண்ணோட ஒரு ஆண் தேனீ பொறந்துச்சு. இன்னா தீனி குடுத்தாலும் அந்தக் கண்ணு கறுக்காது. அதுல மரபணுவோட எழுத்தே மாறிப்போச்சு. உங்க ரத்தத்துலயும் எழுத்துதான் மாறியிருக்குது. சோறு அத மாத்தாதுங்க. ஆனா பொறந்ததும் பார்த்துட்டா வைத்தியம் இருக்குது."

தீனி மாற்றுவது எழுத்தை அல்ல, அதைப் படிக்கும் விதத்தை மட்டும். அந்த வித்தியாசம் எனக்கே அன்றுதான் உறைத்தது.

அண்ணாமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அன்னிக்கு ஏங்க அப்படி சொன்னீங்க?"

"அவங்க அழுதாங்க. என்னால தாங்க முடியல. அதாங்க தப்பு."

ராமாயி மறுபடி அழுதார். இந்த முறை சார் தேனீக் கதை எதையும் எடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலப் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவே இல்லை.

பிறந்த பெண் குழந்தைக்கு நோய் இருந்தது. முதல் மாதமே தெரிந்ததால் மருந்து தொடங்கியாயிற்று. இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. சாரின் சாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ராமாயி திருநாவலூர் வந்திருந்தார். இவ்வளவு தூரமா என்று கேட்டேன்.

"எம் புள்ளைக்காவ மலை ஏறி வந்தாரு. நான் எறங்கி வர மாட்டனா?"

நேற்று ஒரு இளம் தாயிடம் முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது. சார் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. 'சரியாயிடும்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னேன். அந்தப் பெண் அழுதாள். நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். என் பஸ் போய்விட்டது, சார்.