போனை முதலில் வைக்காதவள்

நோலீன் ட்ரஸ்காட் கடல் காப்புச் சங்கத்தில் இருக்கிறாள் என்றால், அவள் அலையில் பாய்ந்து ஆளைத் தூக்கி வருபவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வேலையெல்லாம் போனில்தான். ஆஸ்திரேலியக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் பில்லாராவில் யாராவது அலையில் மாட்டிக்கொண்டால் பார்த்தவர்கள் போலீசுக்குச் சொல்வார்கள், போலீஸ் நோலீனுக்குச் சொல்லும். எந்த மணலிலிருந்து ரப்பர் படகை இறக்குவது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, ஹெலிகாப்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் அவள் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடி முடிவு செய்வாள். டியூட்டி ஆபீசர் என்று பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி கொடுத்தார்கள், அதுவும் அவள் தலைக்குத் தொளதொளவென்றிருந்தது.

அந்தப் போனை வைத்திருப்பவருக்குச் சில சட்டங்கள் உண்டு. குடிக்கக் கூடாது. சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போகக் கூடாது. என்ன ஆனாலும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கடைசியாக ஒன்று, எந்த ஏட்டிலும் இல்லாதது, நோலீன் தானாக வைத்துக்கொண்டது: கரையில் தவித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரிடம் பேசும்போது நாம் முதலில் போனை வைக்கக் கூடாது.

அவள் கணவன் கீத், பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், நல்ல மனிதன். "எங்க கட்டில்ல மூணு பேர் படுக்கிறோம். நடுவுல இருக்கறவருக்குச் சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கும்" என்று சங்கத்து விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான். முன்பெல்லாம் மெர்வ் என்பவர் ஒரு வாரம், இவள் ஒரு வாரம் என்று போன் கை மாறும். மெர்வ் மகளோடு இருக்க வடக்கே போய்விட்டார். அதிலிருந்து எல்லா வாரமும் நோலீன் வாரம்தான். அவளும் விட்டுவிட்டால் அழைப்புகள் நகரத்து மையத்துக்குப் போகும். அங்கிருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் எங்கள் ஊர்க்காரன் பதறிக்கொண்டு "கெண்டி மூக்குல விழுந்துட்டான்" என்று கத்தினால் அவர்கள் அந்தப் பாறையை எந்த வரைபடத்தில் போய்த் தேடுவார்கள்?

இப்படியிருக்கும்போதுதான் கீத்தின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது. சிட்னியில் போய் அறுத்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள். தேதி நெருங்கியதும் கீத், "டாக்டர் தள்ளிப் போட்டுட்டாரு" என்றான். அடுத்த தேதிக்கும் அதையேதான் சொன்னான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு தடவையும் நோலீனுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் போனை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைப் பிடித்துவிடலாமே!

பிடித்தாளா? சனிக்கிழமைதோறும் இரும்புக் கடை வாசலில் சங்கத்துக்காகச் சாசேஜ் சுட்டு, வெங்காயத்தோடு ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தபடியே வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டாள். சாசேஜை வாங்கும்வரை எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வாங்கியதும் ஒருவனுக்கு முதுகு வலி வந்தது, ஒருத்திக்கு மாமியார் வந்தாள். பல் டாக்டர் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "நோலீன், நீங்க சுட்ட சாசேஜுக்காக எது வேணா செய்வேன், இதைத் தவிர."

கடைசியில் பிராடி சம்மதித்தான். பிளம்பர் வேலை பார்ப்பவன், முப்பது வயதிருக்கும், எங்கள் கடற்கரையிலேயே அவனைப் போல நீந்த ஆள் கிடையாது. நோலீன் பூரித்துப் போனாள். கேட்ட ஊரும் பூரித்தது. இவ்வளவு நல்ல நீச்சல்காரன் கிடைத்த பிறகு என்ன கவலை என்று எல்லாரும் நினைத்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

முதல் ஞாயிற்றுக்கிழமை போனை அவனிடம் கொடுத்துவிட்டு, நோலீன் கீத்தைக் கூட்டிக்கொண்டு மலைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு கோப்பை ஒயின் குடித்தாள். அந்த நேரம் பார்த்து, வடக்கு மணலில் இரண்டு பையன்களை அலை இழுத்துப் போகிறது என்று பிராடிக்கு அழைப்பு வந்தது. அவன் வீடு கடலைப் பார்த்த வீடு. படகுக்காரர்களை வடக்கே அனுப்பினான், அதுவரை சரி. பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவ்வளவுதான், போனை வண்டி சீட்டில் எறிந்துவிட்டு, அலையில் மிதக்கும் மீட்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பிறந்ததிலிருந்து தண்ணீரைக் கண்டால் ஓடு என்று பழக்கியிருக்கிறோம், வேறென்ன செய்வான்?

ஒரு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கரையில் ஒரே கைதட்டல். இன்னொரு பையனைக் கடல் முனையைச் சுற்றித் தெற்கே கொண்டுபோய்விட்டது என்று சொல்வதற்காகப் போலீஸ் அழைத்தபடியே இருந்தது, போன் சீட்டில் அடித்தபடியே இருந்தது. படகு வடக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் போலீஸ் நோலீனின் சொந்தக் கைபேசிக்கு அடித்தது. அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து, ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டே படகைத் தெற்கே திருப்பினாள். பையன் பிழைத்தான். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது, ஆனால் பிழைத்தான்.

சாயங்காலம் பிராடி வீட்டுக்கு வந்து போனை மேசைமேல் வைத்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"என்னால உக்காந்திருக்க முடியாது, நோலீன். கால் தானா ஓடுது."

"தப்பு உன்மேல இல்ல பிராடி. ஓடுறவனாப் பாத்துத் தேடினேனே, என்னைச் சொல்லணும்" என்றாள் அவள். கீத் அவன் தோளைத் தட்டி, "விடுடா. ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தல்ல, அதை நெனச்சுக்க" என்று டீ போடப் போனான். இரண்டடி நடப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. நோலீன் அதைப் பார்த்தாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்குப் போன் செய்தாள். கீத் தோட்டத்தில் இருந்தான். "உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை தேதியை மாத்திட்டாரு. இந்தத் தடவையும் மாத்தினா வரிசையில கடைசிக்குப் போயிடுவாரு. டாக்டருக்கு அது பிடிக்கல" என்றாள்.

நோலீன் நேரே தோட்டத்துக்குப் போனாள்.

"தேதியைத் தள்ளிப் போட்டது டாக்டரா, நீயா?"

கீத் தக்காளிச் செடியைப் பார்த்தான். "செடிக்குக் கொம்பு கட்டணும்..."

"கீத்!"

"நான்தான்."

"உனக்கு மூளை கீளை இருக்கா? செத்துப் போயிருந்தா? நான் கூட வந்திருக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"வந்திருப்ப. போனையும் எடுத்துக்கிட்டு வந்திருப்ப." அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளை அறுத்தது. "கண்ணு என்மேல இருக்கும், காது அதுமேல இருக்கும். நான் குறை சொல்லல நோலி. நான் லாரியில போயிருந்தப்ப எத்தனை பேரைக் கரை சேர்த்திருக்க, எனக்குத் தெரியாதா? ஆனா நெஞ்சைப் பிளந்து தைச்சப்புறம் நான் கண்ணைத் திறக்கறப்ப, நீ முழுசா என் பக்கத்துல இருக்கணும். பயமா இருக்குடி. அவ்வளவுதான்."

அவள் செடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவனும் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்க இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல மீன் வாங்கச் சூலா கடைக்குப் போனாள். சூலா கிரேக்கக்காரி, வாய் ஊருக்கே கேட்கும். பொரித்த மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் விற்கும் அந்தக் கடை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆறு வருடங்களுக்கு முன் சூலாவின் கணவன் மனோலியைப் பாறையில் மீன் பிடிக்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து சூலா மணலில் கால் வைத்ததில்லை. அன்றைக்குப் பாறைமேல் நின்று அலறிக்கொண்டிருந்த அவளிடம் போனில் பேசியவள் நோலீன்தான். இதை நோலீன் சூலாவிடம் சொன்னதே இல்லை. எந்த முகத்தோடு சொல்வது, ஆளைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகு? வெள்ளிக்கிழமைதோறும் போய் மீன் மட்டும் வாங்குவாள். இரண்டு துண்டு கேட்டால் பொட்டலத்தில் மூன்று இருக்கும். சூலாவுக்குக் கணக்கு வராது போல என்று நினைத்துக்கொள்வாள்.

"என்ன தங்கம், கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? கீத் அடிச்சானா? சொல்லு, எண்ணெய்ச் சட்டியில போட்டு எடுத்திடறேன்."

நோலீன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வால்வு, பொய்த் தேதி, தக்காளிச் செடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சூலா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "போனை எனக்குக் குடு."

"உனக்கா? நீ மணல் பக்கமே..."

"மணலுக்குப் போகச் சொல்லுதா உங்க சட்டம்? தண்ணியில இறங்கக் கூடாதுன்னுதானே சொல்லுது? இந்த ஊர்லயே அந்தத் தகுதி முழுசா இருக்கறவ நான்தான்." பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். அவனை ஒரு முறை முறைத்தாள். "எந்தப் பாறைக்கு என்ன பேருன்னு மீன்காரனுங்க தினமும் இங்க நின்னுதான் கதையளக்கிறாங்க. நாள் பூரா இந்தச் சட்டி முன்னாடிதான் நிக்கிறேன். எங்க ஓடப் போறேன்?"

"சூலா, அந்த மாதிரி அழைப்பு வந்தா உன்னால தாங்க முடியாது. அதெல்லாம் கேக்கும்போது..."

"உன்னால மட்டும் எப்படி முடிஞ்சுது?"

நோலீன் நிமிர்ந்து சூலாவைப் பார்த்தாள்.

"உன் குரல் எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அடுத்த வெள்ளிக்கிழமையே நீ வந்து 'ரெண்டு மீன், ஒரு சிப்ஸ்'னு கேட்டியே, கையில இருந்த கரண்டி எண்ணெய்ல விழுந்துடுச்சு." சூலாவின் பெரிய குரல் இறங்கிவிட்டது. "'பாறையில உக்காருங்க. உக்காந்தீங்களா? நான் இங்கதான் இருக்கேன், போனை வெக்க மாட்டேன்'னு சொன்ன. வெக்கவும் இல்ல."

"அவரைக் காப்பாத்த முடியலயே, சூலா."

"முடியல. ஆனா இருட்டற வரைக்கும் நான் தனியா இல்ல. பொட்டலத்துல கூட வர்ற அந்த ஒரு துண்டு மீனு எதுக்குன்னு இத்தனை வருஷமா உனக்குத் தோணவே இல்லயா? மக்கு!"

அடுத்த பத்து நாளும் மத்தியான வேளைகளில் நோலீன் கடைக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் நிஜ அழைப்பே வந்துவிட்டது, கெண்டி மூக்கில் மீன் பிடித்தவன் விழுந்துவிட்டான் என்று. நோலீனின் கை தானாகப் போனை நோக்கி நீண்டது. சூலா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மாவு ஒட்டிய விரலால் படகுக்காரர்களை அழைத்தாள், போலீசிடம் பேசினாள், கரையில் நின்ற அவன் தம்பியிடம் பேசினாள். முதல் படகில் போனவன் பிராடிதான். அவனே விழுந்தவனைத் தூக்கினான். எல்லாம் முடிந்ததும் சூலா பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்து, "அடுத்து யாரு? உப்பு வேணுமா, வினிகர் வேணுமா?" என்றாள்.

சிட்னி ஆஸ்பத்திரியில், தள்ளுவண்டியில் படுத்திருந்த கீத், நோலீனின் கோட்டுப் பைகளைத் தடவிப் பார்த்தான். "முழுசா வந்திருக்கியான்னு பாக்கறேன்" என்றான். அவள் அவன் நெற்றியில் முத்தமிட்டாள். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, கரையில் நிற்பது என்றால் என்னவென்று. இத்தனை வருடம் போனின் அந்தப் பக்கம் இருந்தாள். செய்வதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது. இங்கே ஒன்றுமே இல்லை. நடைபாதையில் அங்குமிங்கும் நடந்தாள். சொன்ன நேரம் தாண்டியும் யாரும் வெளியே வரவில்லை. எதற்கு என்று யோசிக்காமலேயே தன் கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினாள். எத்தனையோ வருடம் எடுத்துப் பேசிய எண், ஒரு தடவைகூட அவள் அழைத்ததில்லை.

"பில்லாரா டியூட்டி ஆபீசர். எங்க இருக்கீங்க, சொல்லுங்க."

நோலீனிடமிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது.

"நோலீனா?" என்றது அந்தக் குரல். "தங்கம், இது ஆபத்துல இருக்கறவங்களுக்கான லைன். வை."

பட்டென்று துண்டித்துவிட்டாள். நோலீன் அசந்து போய் நின்றாள். சரியாகத்தானே செய்திருக்கிறாள், பாவி! மறு நிமிடம் கைபேசி அடித்தது, கடையின் சொந்த எண்ணிலிருந்து.

"இப்பப் பேசலாம். பக்கத்துல நாற்காலி இருக்கா? உக்காரு. உக்காந்தியா?"

"உக்காந்துட்டேன்."

"நான் இங்கதான் இருக்கேன். போனை வெக்க மாட்டேன்."

பின்னால் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது. யாரோ சிப்ஸ் கேட்டார்கள். "நில்லு, சாகமாட்ட!" என்று சூலா கத்தினாள். அந்தச் சத்தங்களையெல்லாம் காதில் வைத்துக்கொண்டு நோலீன் உட்கார்ந்திருந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. கதவு திறந்து, முகமூடியைக் கழற்றியபடி டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது, வந்து பாருங்கள் என்று சொன்னார்.

"சூலா... பொழச்சுட்டான்."

"கேட்டுச்சு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "போ, அவன்கிட்டப் போ."

நோலீன் எழுந்தாள். ஆனால் போன் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை.

"இன்னும் ஏன் நிக்கிற? நீதான் முதல்ல வெக்கணும். அதானே உன் சட்டம்?"

நோலீன் போனை வைத்தாள். கீத் கண்ணைத் திறந்தபோது அவள் முழுசாக அவன் பக்கத்தில் இருந்தாள்.