அடியில் இருந்த முத்திரை

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஃபர்னிச்சர் கடையில் எட்டு மாதம் இருந்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் தங்கியதே அதிகம். அதற்கு முன் ஓசூரில் லேத்துப் பட்டறை, திருப்பூரில் சாயப்பட்டறை, நடுவில் கொஞ்ச காலம் லாரி. ஏழாவதோடு படிப்பு நின்றவனுக்கு எல்லா வேலையும் ஒன்றுதான்.

கடையில் ஒரு வழக்கம். எந்தச் சாமான் வந்தாலும் முதலில் கவிழ்த்துப் போட்டு, அடியிலும் பின்னாலும் இருக்கிற பெயர், ஸ்டிக்கர், மஞ்சள் குங்குமம் எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். சாவு வீட்டுச் சாமான் என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். "யார் ஊட்டு சாமான்னு அதுக்கே தெரியக்கூடாது நைனா" என்பார் முதலாளி.

போன ஆடியில் வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, ரிப்பேர் சாமான் ஒன்றை எடுத்துவர டெம்போவோடு போனேன். நான்காவது மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் கோட்டு மாட்டுகிற ஸ்டாண்ட் நின்றது. ஆளுயரத் தண்டு, உச்சியில் மான்கொம்பு மாதிரி வளைந்த ஆறு கைகள், தேன் நிறத்தில் பழைய மரம். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொன்றில் ரெயின்கோட், மூன்றாவதில் ஒரு ஐ.டி. கார்டு. அவற்றை அவள் ஒவ்வொன்றாக எடுத்து சோபாவில் வைத்தாள்.

"ஒரு கால் ஆடுதுண்ணா. அதை மட்டும் இறுக்கிக் கொடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள்.

லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது அவளே சொன்னாள். கணவர் ஆபீஸ் வேலையாக இத்தாலி போனபோது பழைய சாமான் கடையில் வாங்கி, கப்பலில் வரவழைத்தது. பெரிய டிசைனர் செய்ததாம். அவர் இறந்து இரண்டு வருடம். இத்தாலி என்று சொல்லி எவனோ அவர் தலையில் கட்டிவிட்டான் என்று கணவரின் அண்ணன், அவளுக்கு மூத்தார், இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை இன்டீரியர் செய்கிற ஒருவர் பார்க்க வருகிறார், வாங்கினாலும் வாங்குவார்.

"விக்கிறேனோ இல்லையோ, அசல்தான்னு அவர் வாயால சொல்லணும். எங்க மூத்தார் கேக்கணும். அவ்வளவுதான்."

கடையில் இறக்கியதும் முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா இது, காக்கா குந்துறதுக்கா? இந்த வெயில்ல எவன் கோட்டு போட்டுகினு கீறான்?"

கவிழ்த்துப் போட்டு, பசை வைத்துக் காலை இறுக்கினேன். பசை காயும்வரை கை சும்மா இருக்கவில்லை. அடியில் காய்ந்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்தில், நாணயம் அளவுக்குச் சூடு போட்ட வட்ட முத்திரை, சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. பார்த்தேன். தினமும் பார்க்கிறதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். காகிதத்தைச் சுரண்டினேன். முத்திரை ஆழமாக இருந்ததால் முரட்டு உப்புத்தாள் போட வேண்டியிருந்தது. தூசியை ஊதியபோது அந்த இடம் மட்டும் புது மரம் மாதிரி வெளுத்திருந்தது. அப்போதுதான் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். "அடியில எவன் பாக்கப் போறான், உடு" என்றார்.

ஞாயிறு காலை கொண்டுபோய் வைத்தேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மூத்தார் சோபாவில் காபியோடு இருந்தார். ஸ்டாண்டைப் பார்க்க வந்தவர் இளைஞர். கைகளை, வளைவை, தண்டை மெதுவாகத் தடவிப் பார்த்து, "வேலை பிரமாதம்" என்றார். அவள் முகம் மலர்ந்தது. பிறகு அதைப் படுக்கவைத்து, போன் வெளிச்சத்தில் அடியைப் பார்த்தார்.

"இங்க தேய்ச்சிருக்கே. மார்க் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். நான்தான் தேய்ச்சுட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"போட்டோ, பில்லு?" என்று இளைஞர் அவளைக் கேட்டார்.

"பில் அவரோட ஆபீஸ் லேப்டாப்ல இருந்துச்சு. கம்பெனி திருப்பி வாங்கிட்டாங்க. மார்க்கை ஒரு தடவை கவிழ்த்துக் காட்டினார். நான் சமையல் வேலையா இருந்தேன், சரியா பாக்கல."

மூத்தார் டம்ளரைக் கீழே வைத்தார். "இருந்துச்சாம், ஆனா இப்ப இல்லையாம். நல்லாத்தான் சொல்லிக் கொடுத்து கூட்டிட்டு வந்திருக்கே."

"என்ன எழுதியிருந்துச்சுண்ணே?" என்று இளைஞர் என்னைக் கேட்டார்.

"வட்டமா இருந்துச்சு. இங்கிலீஷ்."

"எந்த எழுத்து?"

எனக்கு எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க நேரமாகும், அதனால் படிக்கிறதில்லை. இளைஞர் ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்து, வருத்தத்தோடு, "நல்ல பீஸ் மேடம். ஆனா உறுதியா என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூத்தாரும் சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள். "ஞாபகம் வர்றதை எழுதுங்கண்ணா."

தரையில் உட்கார்ந்து வட்டம் போட்டு, ஓரமாக எழுத்துகளை எழுதினேன். சரியில்லை என்று தோன்றியது. இன்னொரு வட்டம் போட்டேன், வேறு எழுத்துகள் வந்தன. மூன்றாவதில் இன்னும் வேறு. அதற்குமேல் கை ஓடவில்லை. அவள் தாளைக் கிழித்து, மூன்று வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எது?"

நான் பேனாவை மூடி அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி வைத்தாள். தாளை நான்காக மடித்து கணவரின் ஐ.டி. கார்டு உறைக்குள் செருகி, கார்டை அது முன்பு இருந்த கையில் மாட்டினாள். ஸ்டாண்ட் ஆடாமல் நின்றது.