அந்த நம்பர் என் பேரில்தான்

அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஆவி கக்கும் உருளைகளுக்குள் படுக்கை விரிப்புகளைக் கொடுத்து, மறுபக்கம் மொடமொடவென்று வருபவற்றை மடித்து அடுக்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் 'ஆவி அக்கா' என்று கூப்பிடுவார்கள். "செத்தப்புறமும் இதே பேரு போதும், செலவில்ல" என்று அவளே சிரிப்பாள்.

அந்த வேலையில் ஒரே ஒரு சலுகை உறவுக்காரர்கள் கண்ணில் பட்டது. மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு செல்போன் கம்பெனி மாதக் கட்டணத்தில் கால்வாசி தள்ளுபடி கொடுத்தது. குடும்பத்தாரையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சேதி தெரிந்ததும் கணவனின் அண்ணன் மனைவி பழக்கூடையோடு வந்து நின்றாள். அதுவரை அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்றே அவளுக்குத் தெரியாது.

"நீ வேற, நான் வேறயா? எங்க மூணு பேரையும் உன் கணக்குல சேத்துவிடேன்."

சேர்த்தாள். அந்த ஓரகத்தி வீட்டில் கேக் செய்து விற்பவள். புது நம்பரை அட்டைப்பெட்டியிலும் வண்டிக் கதவிலும் பெரிதாக அச்சடித்தாள். தன் பங்கு பில்லை மாதம் தவறாமல் கட்டிவிடுவாள். அதில் குறை சொல்ல முடியாது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போய், கடையே திறந்துவிட்டாள்.

திறப்பு நாளன்று ஆவி அக்கா வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடினாள். பட்டும் நகையுமாக நின்ற வாடிக்கையாளர் ஒருத்தி, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

ஓரகத்தி இமைகூட அசைக்கவில்லை. "நம்ம வீட்டுத் துணி துவைக்கிறவ."

பிறகு இரண்டு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றி, பின்கதவு வழியாக அனுப்பி வைத்தாள். பக்கத்திலேயே நின்ற ஆவி அக்காவின் கணவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாங்க, விடு" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"வாய் தவறினா திக்கும். அவங்களுக்குத் திக்கல."

அவள் உடனே பாயவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கி, கேக் ஆர்டர் குவியும் நாள் வரை கறுவிக்கொண்டே காத்திருந்தாள். அப்புறம் போன் கடைக்குப் போனாள்.

"மூணு நம்பரையும் எடுத்துடலாமா மேடம்?"

"ரெண்டை எடுத்துடுங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் புது சிம் போட்டு என் கையில குடுங்க."

கணக்கு அவள் பெயரில் இருந்தது. கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள்.

அன்று மதியத்திலிருந்து போன் ஓயவில்லை.

"கேக் கடைங்களா?"

"இல்லீங்க, சலவை. அழுக்குத் துணி இருக்கா?"

சலவைப் பிரிவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு அழைப்பை எடுத்துப் பேசினார்கள்.

மறுநாள் ஓரகத்தி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "ஏண்டி இப்படிப் பண்ணின? என் பொழப்பே போச்சு!"

ஆவி அக்கா விரிப்பை மடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "நீங்க யாரு?"

எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓரகத்தி முணுமுணுத்தாள்.

"மெஷின் சத்தத்துல கேக்கல. பலமாச் சொல்லுங்க."

"நான் இவளோட ஓரகத்தி! இவ என் கொழுந்தன் பொண்டாட்டி!"

"அப்படியா? சரிக்கா. நம்பரை உங்க பேருக்கு மாத்தித் தர்றேன். லீவு முடியட்டும்."

அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். விடுமுறை முடிந்த பிறகுதான் நம்பர் கைக்கு வந்தது. அதற்குள் பாதி வாடிக்கை வேறு கடைக்குப் போய்விட்டது. அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு நின்றது. கணவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் கேட்டான்.

"இப்ப மனசு ஆறிச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பாதி" என்றாள்.