பத்துப் பெயர், பதினொரு முகம்

ஐம்பத்தெட்டு வயதில் முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு பந்தடிக்கிறவர்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒஸ்லோவில் பனி விழத் தொடங்கியதும் குரோருட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை ஞாயிறு காலையில் இரண்டு மணித்தியாலம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் படித்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் விளையாடி வருகிறோம். பாதி நேரம் மூச்சு வாங்குவோம், மீதி நேரம் சண்டை பிடிப்போம். அதிகம் சண்டை பிடிப்பவன் நான்.

எங்கள் கோல்கீப்பர் பக்கத்து நகரமான திராமனிலிருந்து ரயிலில் வருவான். ஊரில் கல்லூரி அணியிலும் அவன்தான் கோல்கீப்பர், நான் முன்னால் நின்று விளையாடியவன். ஆட்டம் முடிந்ததும் அவன் பையிலிருந்து தேநீர்ப் பிளாஸ்க் வெளியே வரும். அதற்கு மூடி ஒன்றுதான். அந்த மூடியில் அவனும் நானும் மாறி மாறிக் குடித்தபடி, அடிக்காத கோல்களைப் பற்றிக் கதைப்போம். இருபத்தைந்து வருடமாக என் ஞாயிறு என்றால் அதுதான். போன மாரியில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். காரணம் என் வாய்.

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்காக ஊரிலிருந்து ஒரு படத்தை அனுப்பச் சொல்லிப் பெருப்பித்து வைத்திருந்தேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணி. எல்லாருக்கும் வெறுங்கால். நடுநாற்காலியில் மடியில் பந்தோடு இருப்பவர் என் பூட்டன், அதாவது அப்பப்பாவின் தகப்பன். அவர்தான் அணித்தலைவர். அந்த ஆட்டப் பருவத்தின் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் விளையாடி, ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வந்து, கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் முன்னால் நிற்கும்போது எதிரணிக்குப் பெனல்டி. எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தார். தடுத்ததில் விரல் முறிந்தது. வெற்றிக் களிப்பில் என் பூட்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசல்வரை போனார்களாம். தடுத்தவரை ஏன் தூக்கவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றுகூடலில் மைக்கைப் பிடித்து இதையெல்லாம் சொன்னேன். எனக்கு மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். கடைசியில் படத்தின் கீழே எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். பூட்டனின் பெயரைக் கடைசிக்கு வைத்திருந்து வாசித்தேன், மண்டபமே அதிர்ந்தது.

ரோல்ஸும் வடையும் வைத்திருந்த மேசையடியில் என் திராமன் நண்பன் வந்து நின்றான்.

"மச்சான், பத்துப் பேரைத்தான் வாசிச்சனி."

"கீழை எழுதியிருந்தது அவ்வளவுதான்."

"பத்துப் பேரோடையோ விளையாடினவை?"

படத்தில் இடது கரையில், மற்றவர்களிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒருவர் நிலத்தில் இருந்தார். நான் சிரித்துக்கொண்டே, "ஓ, அந்தக் கரையிலை இருக்கிறவரைச் சொல்லுறியோ? அவர் பந்து பொறுக்க வந்த ஆளாயிருக்கும்" என்றேன்.

அவன் சுவரில் நான் மாட்டியிருந்த படத்துக்குக் கிட்டப் போனான். "முன்னுக்கு இருக்கிற ரெண்டு பேருக்கும் கீழை பாய் போட்டிருக்கு. இவருக்கு மண். பாத்தனியோ?" என்றான். பிறகு, "இவர் என்ரை பூட்டன்" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மனைவியோடு ரயிலுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தேன். பாய் முடிகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அவர் இருந்தார். வலது கையில் துணிக்கட்டு. எத்தனையோ வருடம் கதையில் கேட்ட விரல். சாதி என்ற சொல்லை அவனும் நானும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததால் அது எங்களுக்குள் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அவன் அப்படி நினைத்திருக்க வழியில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை எப்படிச் சொல்ல. கோலில் வேறு ஒருவர் நின்றார், நல்ல மனிதர், பந்து வந்தால் விலகி நிற்பார். முதலில் வந்து கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ரயில் வரும் நேரம் கடந்த பிறகும் பார்ப்பேன். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் காரில் ஏறுவார்கள், எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. அந்தப் பிளாஸ்க் மூடிக்கு நான் அப்படி ஏங்கினேன், சொன்னால் வெட்கம். நான் அவனுக்கு ஃபோன் எடுத்தால், "வேலை மச்சான்" என்பான். அவனுக்கு ஞாயிறில் வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பதினோராவது பெயரைத் தேடத் தொடங்கினேன். கல்லூரிக்கு எழுதினேன், அந்தக் காலத்துப் பதிவுகள் இல்லை என்றார்கள். கனடாவில் இருக்கும் பெரியப்பாவைக் கேட்டேன். "கோல்கீப்பர் எண்டுதான் அப்பு சொல்லுறவர். பேர் ஆருக்கடா தெரியும்?" என்றார். சரி, இதற்கு ஏன் சுற்றி வளைக்க வேண்டும், அவனிடமே கேட்டு எழுதுவோம் என்று படத்தையும் ஒரு நல்ல பேனாவையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திராமனுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவன் உள்ளே வா என்றான். இருத்தித் தேநீர் தந்தான். "நான் அண்டைக்குக் கதைச்சது பெரிய பிழை" என்றேன். "ஓம்" என்றான். நான் படத்தை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"பேரைச் சொல்லு. எழுதிப்போட்டுத்தான் இனி இதை எங்கையும் வைப்பன்."

அவன் படத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"எங்களுக்கும் தெரியாது மச்சான். அப்பப்பா கைக்குழந்தையா இருக்கேக்கையே அவர் செத்துப்போனார். மண்ணிலை இருத்திப் படம் எடுத்தவை எண்ட கதை மட்டும் வீட்டிலை இருந்தது. அப்பப்பான்ரை பேருக்கு முன்னாலை 'வ' எண்டு ஒரு எழுத்து இருந்தது, அது அவரின்ரை பேரின்ரை முதலெழுத்து. மிச்சம் இருந்த கடதாசியெல்லாம் சண்டையிலை இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு."

நான் அந்த ஓர் எழுத்தைப் பத்தாவது பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன். மிச்சத்துக்கு இடம் விட்டுப் பேனாவை மூடினேன்.

"உங்கடை வீட்டிலைதான் கப்டன்ரை கதை முழுக்க இருக்கு. அதிலை இவரின்ரை பேரும் இருக்கும் எண்டு நினைச்சன்" என்றான் அவன். "அண்டைக்கு நீ வாசிக்கத் தொடங்கினவுடனை மனிசியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். கடைசியா எண்டாலும் அந்தப் பேரை வாசிப்பாய் எண்டு."