படுக்கப் போட்ட ரேக்

வீட்டின் முன்னறையில் பல வருடம் பிள்ளைகள் துணிக்கடை நடத்தினேன். புதியம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போய், கவுனும் பாவாடை சட்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவேன். அவற்றை அடுக்கி வைக்க ஆசாரியிடம் சொல்லி ஒரு ரேக் செய்திருந்தேன். கெட்டியான பிளைவுட். அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு நான்கு என எட்டுச் சதுரக் கட்டங்கள். சுவரோடு ஒட்டி நிற்கப்போவதுதானே என்று பின்பலகை அடிக்கவில்லை. எந்தக் கட்டத்தில் எந்த அளவு என்று தெரிய, ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'கைக்குழந்தை', 'இரண்டு வயது', 'நாலு வயது' என்று தாள் எழுதி ஒட்டியிருந்தேன்.

வியாபாரம் கொஞ்சம் கைகொடுத்ததும் பஜாரில் கடை பிடித்தேன். அங்கே சுவர் முழுக்க இரும்பு ரேக். பழையது வீட்டுக் கூடத்தில் தனியாக நின்றது. என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அதில் இடித்துக்கொள்வார்.

"பழைய சாமான் கடைக்காரர்ட்ட சொல்லுதேன். வந்து தூக்கிட்டுப் போவாரு."

"வேண்டாங்க. அதப் படுக்கப் போட்டு சன்னலுக்குக் கீழ வைக்கலாம். சோறு, கொழம்பெல்லாம் மேல வச்சுக்கிட்டா ஒவ்வொண்ணுக்கும் அடுக்களைக்கு ஓட வேண்டாம்லா?"

"நிக்கதுக்குச் செஞ்ச சாமானப் படுக்கப் போடுவாகளாட்டி?"

ஓட வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. எங்கள் வீட்டில் விருந்தாள் வந்தால் கூடத்தில் பாய் விரித்துப் பந்தி. நான் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ரசத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வருவதாக இருந்தது. மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க, கடம்பூரிலிருந்து கணவரோடும் மகளோடும் வருகிறார். மதினி வருகிறார் என்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். பாசக்காரர், ஆனால் கண் கூர்மை. சன்னல் கம்பியில் தூசி இருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். முழங்கால் வலி வந்த பிறகு தரையில் உட்கார அவரால் முடியவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அதனால் அன்று காலையிலேயே ரேக்கைச் சாய்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முனகிக்கொண்டே வந்த வீட்டுக்காரரும் நானும் ரேக்கைச் சாய்த்து, அடியில் சாக்கை விரித்து இழுத்தோம். கூடத்தில் கட்டில் கிடந்ததால் அதைத் திருப்ப இடம் போதவில்லை. எங்கள் அடுக்களைக்குக் கதவு கிடையாது. கூடத்துக்கும் அதற்கும் நடுவே அகலமான ஒரு வளைவுதான் உண்டு. அதற்குள் ஒரு முனையை விட்டுத் திருப்பலாம் என்று நான் அடுக்களைப் பக்கம் நின்று இழுத்தேன். அவர் கூடத்தில் நின்று தள்ளினார். ரேக் சரட்டென்று திரும்பி வளைவுக்குள் குறுக்காகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதே நேரத்தில் அவர், "ஆத்தாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"பிடிச்சுக்கிட்டுட்டி. அசைய முடியல."

பக்கத்தில் மிச்சமிருந்த சந்தில் ஒரு பூனை போகலாம். நான் போக முடியாது. பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றி ஓடி வந்து, அவருக்குத் தலையணை வைத்துத் தைலம் தேய்த்தேன். மறுபடியும் சுற்றி ஓடி அடுப்பைத் தணித்தேன். அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம்.

"ஏலே தம்பி, என்னலே தரையில கெடக்க?" என்று மதினியின் குரல் கேட்டது. நான் அடுக்களையில் நின்றபடி, இடுப்பளவு ரேக்குக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கும்பிட்டேன்.

மதினி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடுவில் கிடந்த ரேக்கைப் பார்த்தார். "என்னட்டி இது, கடைய அடுக்களைக்கு மாத்திட்டியா?" என்றார். அவர் மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தரையில் கிடந்தவர், "சிரிக்க வைக்காதீக, இடுப்பு வலிக்கி" என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

ரேக்கைத் தூக்கலாம் என்று மதினியின் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அண்ணாச்சி மெலிந்த ஆள். "நீங்களும் அவன் பக்கத்துல படுக்கவா? சும்மா இரிங்க" என்று மதினி அதட்டிவிட்டார். "பசிக்கி. முதல்ல சோத்தப் போடு."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கட்டங்களுக்குள் வைத்தேன். மேலே சோற்றுப் பானை, உள்ளே குழம்பு, ரசம், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். அண்ணாச்சியும் மகளும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். மதினி பிளாஸ்டிக் நாற்காலியை ரேக்கோடு ஒட்டிப் போட்டு, மேற்பலகையில் இலையை விரித்துக்கொண்டார். நான் இந்தப் பக்கம் மணைப்பலகையில் உட்கார்ந்தேன். கட்டங்களின் வழியே கூடத்தில் இருந்தவர்கள் முகமும், பலகைக்கு மேலே மதினியின் முகமும் எனக்கு நேராகத் தெரிந்தன.

"ரசம் எங்கட்டி?" என்றார் மதினி.

"நாலு வயசுல இருக்கு மதினி."

"அப்பளம்?"

"கைக்குழந்தைல அத்தை எடுத்து வச்சிருக்காங்கம்மா!" என்று மகள் கத்தினாள்.

அண்ணாச்சி பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று அவர் குனிந்து, டிக்கெட் கவுண்டரில் கையை நீட்டுவதுபோல ஒரு கட்டத்துக்குள் கிண்ணத்தை நீட்டி, "மேடம், கறி ரெண்டு குடுங்க. ரிட்டனும் சேத்து" என்றார். மதினிக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "கட்டிக்கிட்டு இத்தனை வருசமாச்சு, இவிய இப்பிடிப் பேசி நான் கேட்டதில்லயே!" என்றார்.

அந்தச் சிரிப்பு தொடங்கிய இடத்தில் நான் இருந்தேன். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நானும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டேன். விருந்தாளோடு ஒரே பந்தியில் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பிட்ட பின் கடம்பூர் போளி பொட்டலத்தைப் பிரித்து, மதினி ஒன்றைக் கட்டத்தின் வழியாக எனக்கு நீட்டினார். கல்யாணத்துக்கு என்ன புடவை, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர், சமையலுக்கு யார் என்று பேச்சு மாலை வரை நீண்டது. கிளம்பும்போது தம்பியிடம் உத்தரவு போட்டார். "இத இங்கனருந்து எடுக்கப்படாது, பாத்துக்க. அவ நடந்து போக மட்டும் வழி விடு. போதும்."

வழி விடுவதற்கு ரேக்கை அறுக்க வேண்டியிருந்தது. இடுப்பு சரியானதும் அவரே போய் ஆசாரியைக் கூட்டி வந்தார். ஆசாரி ஒரு ஓரத்து இரண்டு கட்டங்களை அறுத்துத் தனியாக எடுத்தார். அது செருப்பு வைக்க வாசலுக்குப் போனது. மிச்ச ஆறு கட்டங்களுக்கு அடியில் கட்டையான கால்கள் வைத்து, மேலே வழவழப்பான வேப்பம்பலகை ஒன்றை அடித்தார். வயது எழுதிய தாள்களைத் தண்ணீர் தொட்டு உரித்து, இலைப்பச்சை நிறத்தில் நானே பெயிண்ட் அடித்தேன். கீழ்க்கட்டங்களில் தட்டும் டம்ளரும், மேல்கட்டங்களில் ஊறுகாயும் அப்பளமும். கூடத்திலிருந்து கை நீட்டினாலும் எட்டும், அடுக்களையிலிருந்து நீட்டினாலும் எட்டும். இப்போதெல்லாம் தட்டு வேண்டும் என்று வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதில்லை. அவரே எடுத்து, எனக்கும் சேர்த்து வைக்கிறார்.

கல்யாணம் நன்றாக முடிந்தது. ஒரு நாள் கடையில் கூட்டமான நேரத்தில் மதினியிடமிருந்து போன்.

"ஏட்டி, எங்க வீட்டு ஆசாரி வந்து நிக்கான். உன் வீட்டு ரேக்கு உயரம் எம்புட்டு? உக்காந்து திங்கதுக்குத் தோதா இருந்துச்சுல்லா, அதே அளவு வேணும்."

"கடையில இருக்கேனே மதினி, வீட்டுக்குப் போய்த்தான அளக்கணும்."

"போய் அள. நான் போன வைக்கல."

வேலைக்கு நின்ற அக்காவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தோளில் இஞ்ச் டேப்போடும் காதில் மதினியோடும் வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க, மருமகன் எத்தனை போளி சாப்பிட்டார் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.