என் குரலுக்கு இன்னொருத்தி ஆடினாள்

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்துக் கோயில் உற்சவங்களில் பாலே இல்லாவிட்டால் ஜனம் கூடாது. புராணக் கதையை ஆட்டமும் பாட்டுமாக நடத்துவார்கள். பாட்டும் வசனமும் முன்கூட்டியே டேப்பில் பதிவாகிவிடும். மேடையில் வாயசைத்தால் போதும். ஒரு சீசன் முழுக்க அதே டேப்தான். அதற்காக எங்களைப் போன்ற பிள்ளைகளை மழைக்காலம் முழுவதும் ஒரு தகரக் கொட்டகையில் போட்டுப் பிழிந்தெடுப்பார்கள்.

ஆரியசாலையில் மொத்தக் கடை வேலையிலிருந்த அப்பா, "கூத்தாடியா பிழைக்கப் போறியாட்டி?" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன். பதினெட்டு வயதில் எனக்கு வேறு எந்தப் பிழைப்பும் வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷம் தேவி வேஷம் எனக்கு. தேவியின் பாட்டையும் என்னையே பாடவைத்துப் பதிவு செய்தார்கள். அப்புறம்தான் ஆட்டப் பயிற்சி.

அசுரனைக் கொல்ல தேவி மேலிருந்து குதிக்க வேண்டும். மேஜை மேல் மேஜை போட்டு ஏற்றினார் மலையாளி டான்ஸ் மாஸ்டர்; எங்களுக்கு அவர் 'மாஷ்'. சாரலில் சிமெண்ட் தரை நனைந்து கிடந்தது.

"தொடைச்சிட்டுக் குதிக்கேன் மாஷே."

"உற்சவப் பறம்பில மழ பெய்தா தொடைச்சுத் தர ஆளு வருமோ? சாடு!"

குதித்தேன். முழங்காலுக்குள் என்னவோ அறுந்தது. "ஒந்நுமில்ல, எணீக்கு" என்றார் பாவி மனுஷன். பயந்து எழுந்து, சாயங்காலம் வரை அந்தக் காலோடு ஆடினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜவ்வு அறுந்திருக்கிறது, இனி ஆட்டம் கூடாது என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

என் வேஷத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். பாட்டை மட்டும் மாற்றவில்லை. விந்தி விந்திப் போய் மாஷிடம் கேட்டேன்: "ஆட்டம்தான் போச்சு. பாடினது யாருன்னாவது மைக்கில சொல்லுங்க மாஷே."

"அது முடியாது மோளே. ஆடுறவ பாடுறான்னு நினைச்சாத்தான் ஆளுகளுக்கு ஒரு ரசம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணை மேஜையில் ஏறச் சொன்னார். தரை அன்றைக்கும் ஈரம்தான்.

சீசன் தொடங்கியதும் ஸ்ரீவராகம் பக்கத்தில் ஒரு உற்சவத்துக்கு, அம்மா தோளைப் பிடித்து விந்தியபடி போய், இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். தேவி வாயைத் திறந்தாள். என் குரல் வந்தது. எங்கெங்கே மூச்செடுத்தேன் என்பதுகூட எனக்குக் கேட்டது. அவள் நன்றாகவே ஆடினாள். அதுதான் தாங்க முடியவில்லை.

முன்னாலிருந்த பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம், "ஆட்டமும் பாட்டும் ஒருத்திக்கே குடுத்திருக்கான் பாரு பகவான்" என்றாள்.

அம்மா விருட்டென்று எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எதுக்குட்டி இழுக்கே? பாடுனது என் மகளாக்கும்னு சொல்லாண்டாமா?"

"சொன்னா எல்லாரும் திரும்பி என் காலைத்தாம்மா பார்ப்பாவ."