களியக்காவிளை மெக்கானிக்

அடுப்பில் கப்பைக் கிழங்கை ஏற்றிவிட்டு ராஜபாய் மறுபடியும் வண்டிக்கு அடியில் போனாள். பழைய வெள்ளை மாருதி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ரப்பர் மரக் கட்டைகளையும் முட்டுக் கொடுத்திருந்தாள். இடது பக்கம் சக்கரத்தைத் தாங்கும், தேய்ந்த பால் ஜாயிண்டை முந்தின நாளே மாற்றியாயிற்று. வலது பக்கத்து போல்ட்தான் துருவேறி அசைய மாட்டேன் என்றது.

“இளகிச்சா?” ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கட்டிலில் கிடந்தபடி அவள் புருஷன் வேதமணி கேட்டார்.

“இளகுது.”

“சத்தம் அப்படி இல்லியே. ஸ்பானராக்கும் வழுக்குது. பைப்பை மாட்டி இழு.”

மாட்டி இழுத்தாள். இளகியது. கம்பியால் ஜாயிண்டைப் பிடித்திருந்த ஆர்மைக் கீழே நெம்பி, லொடலொடத்துப் போன பழைய ஜாயிண்டைக் கழற்றிப் புதியதை அடித்து இறக்கினாள். சக்கரத்தை மாட்டி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாள். வேதமணி காதைக் கொடுத்துக் கேட்டார்.

“சத்தம் இல்ல. சரியாச்சு.”

அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

பாறசாலை வட்டாரத்தில் வேதமணி ஆசான் என்றால் வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ராஜபாய் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், லைட் பிடித்தாள், சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவினாள். வாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்தபோது ஷெட்டில் ஒரு ஜீப் பாதி பிரித்த நிலையில் கிடந்தது. அதை யாராவது மாட்டி முடிக்க வேண்டுமே என்று அவள் மாட்டி முடித்தாள். பிறகு அடுத்த வண்டி வந்தது. செய்யலாமா என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஷெட்டைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டச் சொன்னது மட்டும் வேதமணி. கட்டியதும் அவள்தான்.

வேலை செய்வது யார் என்று கேட்டவர்களிடம், “களியக்காவிளையில இருந்து ஒரு பய ராத்திரி வந்து செய்துட்டுப் போறான்” என்றார். முதல் தடவை கேட்டபோது ராஜபாய் அடுக்களையில் நின்று சிரித்தாள். போகப்போக வேதமணியின் பேச்சில் அந்தப் பயல் வளர்ந்தான். அவன் பேச மாட்டான், குடிக்க மாட்டான், ஆள் பார்த்தால் கூச்சப்படுவான். ஓணத்துக்கு ஒருவர் அவனுக்கென்று வேட்டி எடுத்துக் கொடுத்தார். வேதமணி கட்டிக்கொண்டார். அப்போது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. துவைத்துப் போட்டாள்.

மத்தியானம் மாருதியின் சொந்தக்காரர் மோகனன் வந்தார். உதியன்குளங்கரை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு நேராக வேதமணியின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ராஜபாய் பால் விடாத கட்டன் சாயா கொண்டு வைத்தாள்.

“ஸ்டியரிங் வெண்ணெ போல உண்டு ஆசானே. குழியில விழுந்தாலும் சத்தமில்ல. அந்தப் பயலுக்க கை கையாக்கும்.” அவர் பார்வை அவள் விரல்களில் விழுந்தது. “என்ன அக்கா, கையெல்லாம் கரி?”

“வண்டிக் கிரீசாக்கும்.”

மோகனன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஆசானே, அக்காளுக்கும் ஷெட்டுல ஒரு வேலை போட்டுக் குடுக்கணும்.” வேதமணியும் கூடச் சிரித்தார்.

“விஷயம் என்னன்னா, நெய்யாற்றின்கரையில நான் ஒரு ஒர்க்‌ஷாப்பு தொறக்கப் போறேன். அவன எனக்கு வேணும். பேரென்ன, சொல்லுங்க.”

ராஜபாய் போகாமல் கதவருகே நின்றாள். நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டும் என்றில்லை. இந்த ஒருவரிடமாவது வேதமணி அவள் பேரைச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. வேதமணி அவளைப் பார்த்தார். பிறகு சாயா கிளாஸைப் பார்த்தார்.

“அவன் கல்ஃபுக்குப் போறான். விசா வந்தாச்சு.”

“சரியாப் போச்சு. பணி தெரிஞ்சவனெல்லாம் அங்கயாக்கும். அப்போ இங்க?”

“இனி வண்டி எடுக்கியதா இல்ல. ஷெட்டை மூடிர வேண்டியதுதான்.”

மோகனன் உச்சுக் கொட்டினார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தார். வண்டி கிளம்பிப் போகும் சத்தத்தை இருவரும் கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை.

“நாளைக்கு தேவகுமாருக்க வண்டி பணிக்கு வருமே,” என்றாள்.

வேதமணி சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார். ஒரு கையால் முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, போர்வையைச் சரிசெய்தாள்.

“விசா யாருக்காக்கும் வந்தது?”

அந்த முதுகிடம் கேட்டுவிட்டு, கிளாஸ்களை எடுத்துக்கொண்டு அவள் அறையை விட்டு வெளியே போனாள்.